பேரேட்டுக்குப் பொறுப்பாளி யார்?

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். வரவேற்புரை, ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவை வழக்கம்போல் வாசிக்கப்பெற்றன. அதன் பின்னர்ப் பின்வரிசையிலிருந்து வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து நின்றார். ஐப்பசி மாதத்தில் தாம் இரண்டு பாவு நெய்து கொடுத்ததாகவும், கூலிப் பட்டியலில் ஒரு பாவு மட்டுமே ஏறியிருப்பதாகவும் சொன்னார்.

காரியதரிசி இளைஞர், பணிவானவர். "ஐயா, கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்.

"தம்பி, கம்ப்யூட்டர் தானாக எழுதிக்கொள்ளுமா? அதில் எழுதினது யார்?" என்று கேட்டார் பெரியவர்.

சபையில் சிரிப்பெழுந்தது. ஆனால் மேடையிலிருந்த எவரும் விடை கூறவில்லை. விசாரித்துப் பார்த்தேன். துணியை அளந்து வாங்குபவர் ஒருவர். அவர் எழுதிய ரசீதைப் பார்த்து யந்திரத்தில் பதிபவர் மற்றொருவர். கூலியைக் கணக்கிடுவது வேறோர் ஊரில் எழுதப்பட்ட நிரல். அந்த நிரலைப் பழுது பார்ப்பது ஒரு தனியார் கம்பெனி. நால்வரில் ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்துவிட்டதாகவே கருதினர். அவ்வாறு கருதியதில் பொய்யும் இல்லை. அந்த ஒரு பாவுக்கு மட்டும் ஆளில்லாமற் போயிற்று.

இவ்வகைக் காரியங்களுக்கு இந்நாளில் 'தரவு ஆளுகை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயரைக் கண்டு மருள வேண்டியதில்லை. ஒரு ஸ்தாபனம் தன்னிடமுள்ள விவரங்களை யார் எழுதலாம், யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், பிழை நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, அவ்வரையறையின்படி நடந்துகொள்வதே இதன் பொருள். வரையறுப்பதைப் பெரிய ஸ்தாபனங்கள் அழகாகவே செய்துவிடுகின்றன. கொள்கை ஏடு அச்சாகிறது, குழுவும் அமைகிறது. அதன் பிறகு அந்த ஏடு கணினிப் பிரிவின் அலமாரிக்குப் போய்விடுகிறது. அங்கேதான் தவறு தொடங்குகிறது என்பது என் கருத்து. கணினிப் பிரிவினர் பெட்டியைக் காப்பவர்கள். பெட்டிக்குள் இருக்கும் கணக்கு மெய்யா பொய்யா என்பது நூலையும் துணியையும் நிலத்தையும் நேரிற் கண்டவருக்குத்தான் தெரியும்.

இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த கேட்டை பிரிட்டன் தேசத்துத் தபால் நிலையங்களின் வரலாற்றிற் காணலாம். நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் அதை அறிந்திருப்பது நலம்.

அந்நாட்டில் சிற்றூர்த் தபால் நிலையங்கள் பெரும்பாலும் கடைக்காரர்களால் நடத்தப்படுகின்றன. ஒரு புறம் மளிகை, மறு புறம் தபால். அவர்களைக் கிளைப் போஸ்ட்மாஸ்டர்கள் எனலாம். கணக்கில் குறையும் பணத்தைத் தம் கையிலிருந்து கட்டுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தவர்கள் அவர்கள். 1999 முதல் இந்நிலையங்களில் 'ஹொரைஸன்' என்ற கணினி முறை புகுத்தப்பட்டது. அதை நடத்திவந்தது புஜிட்சு கம்பெனி. சிறிது காலத்திற்குள் பல நிலையங்களில் கணக்குக் குறையத் தொடங்கிற்று. பெட்டியில் இருக்கும் பணம் ஒன்று. கணினி இருக்கவேண்டும் என்று சொல்லும் பணம் வேறொன்று.

வடகடற் கரையிலுள்ள பிரிட்லிங்டன் என்ற ஊரில் லீ காசல்டன் என்பவர் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்திவந்தார். 2004-ஆம் ஆண்டில் அவருடைய கணக்கில் ஏறக்குறைய 25,000 பவுண்டு குறைவதாகக் கணினி காட்டிற்று. உதவி கேட்டு அவர் 91 முறை தொலைபேசியில் அழைத்தார். பயன் விளையவில்லை. தபால் நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியின்றி அவர் தாமே வாதாடித் தோற்றார். 2007-இல் வந்த தீர்ப்பினால் அவர்மேல் ஏறிய வழக்குச் செலவு மட்டும் 3,21,000 பவுண்டு. அவர் திவாலானார்.

இவர்மேல் நடந்தது சிவில் வழக்கு. குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டோர் 900-க்கும் மேற்பட்டவர்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையே நடந்தது இது. திருட்டு, பொய்க்கணக்கு என்ற குற்றங்களைச் சுமந்து சிலர் சிறைக்கும் சென்றனர். உதவி கேட்டு அழைத்தபோது, "உங்களுக்கு மட்டுந்தான் இப்படி நேர்கிறது" என்று சொல்லப்பட்டதாகப் பலர் பின்னாளில் சாட்சியம் கூறினர். ஆயிரக்கணக்கான நிலையங்களின் விவரங்கள் அனைத்தையும் ஒருசேர வைத்திருந்த நிறுவனம் சொன்ன சொல் இது! விவரம் இருந்தது. அதை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கடமை மட்டும் யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

வேல்ஸ் பகுதியில் நிலையம் நடத்திப் பதவி இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் சோர்வின்றி மற்றவர்களைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர் அளித்த தீர்ப்பில் ஹொரைஸனில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என்பது உறுதியாயிற்று. மற்றொன்றும் வெளிப்பட்டது: கிளை நிலையத்தாருக்குத் தெரியாமலே, தொலைவிலிருந்த கம்பெனி ஊழியர்களால் அவர்களுடைய கணக்கில் பதிவுகளைப் புகுத்த முடிந்தது. அப்படிச் செய்ய இயலாது என்று தபால் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்துவந்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கிற்று. எஞ்சியோர்க்காகப் பார்லிமெண்டு 2024-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இவ்விவகாரத்தினால் 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை கூறுகிறது.

யந்திரத்தில் பிழை இருந்தது மெய்யே. பிழையில்லாத யந்திரத்தை நான் கண்டதில்லை. ஆயினும் என்னைத் திகைக்கச் செய்வது வேறு. கணக்கில் எழுதும் வல்லமை ஒருவரிடத்திலும், கணக்குக்குப் பதில் சொல்லும் பாரம் இன்னொருவரிடத்திலும் இருந்தது. நம் பழைய பேரேட்டில் அது நடவாது. பதிவில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கலாகாது. கீழே இருப்பது தெரியும்படி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மேலே சரியான தொகையை எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பிளேடால் ஓர் எண்ணைச் சுரண்டியதற்காகத் தணிக்கையாளரிடம் வாங்கிய வசையை இன்றும் மறக்கவில்லை. தொகை ஏழு ரூபாய்தான். அந்தச் சிவப்புக் கோடு கணினிக்குள்ளும் இருக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும். மாற்றப்பட்டது என்ற செய்தி கணக்குக்கு உரியவருக்கும் போக வேண்டும்.

நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைப்பதற்குப் பொறுப்பானவரின் சான்றிதழ் வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கேட்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இது உண்டு. இதற்கொப்பான நிபந்தனை ஒன்று இங்கிலாந்திலும் முன்னர் இருந்தது. அதை அவர்கள் 1999-இல் இயற்றிய சட்டத்தினால் நீக்கிவிட்டார்கள். ஹொரைஸன் வந்ததும் அதே ஆண்டில்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களை ஒரே கணினி முறையின்கீழ் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அப்போது மதிப்பிட்ட செலவு 2,516 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் தேசியக் கூட்டுறவுத் தரவுத்தளம் ஒன்றும் தொடங்கப்பெற்றது. இவற்றை நான் எதிர்ப்பவனல்லன். கணக்குகள் தனித்தனியே கிடப்பதனால் வரும் தீங்கை நாம் கண்ணாரக் கண்டவர்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது என்ன நிகழ்ந்தது? மொத்தம் 5 சவரனுக்கு உட்பட்ட கடனுக்குத்தான் சலுகை. ஒருவரே பல சங்கங்களில் சிறு சிறு கடனாக வாங்கியிருந்தது, எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் வெளியாயிற்று. அந்தச் சேர்க்கை நடந்திராவிட்டால் ஏழையின் பங்கு எங்கெங்கோ போயிருக்கும். ஆனால் சேர்க்கும்போது, 'குடும்பம்' என்றால் யார் யார் என்பதை முதலில் ஒருவர் வரையறுத்தாக வேண்டுமன்றோ? குடும்ப அட்டையைப் பிரிக்காமலே தனிக்குடித்தனம் நடத்தும் மகனை எந்தக் கணக்கில் வைப்பது? யந்திரம் இதற்கு விடை சொல்லாது.

சொற்களின் வரையறையை நாம் அற்பமென்று எண்ணுகிறோம். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். படிவத்தில் ஏக்கர் என்றும், யந்திரத்தில் ஹெக்டேர் என்றும் இருந்துவிட்டால், இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஐந்து ஏக்கர்க் கடன் கணக்காகும். நெசவாளரிடையே இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலில் உள்ளோர் 35 லட்சத்து 22 ஆயிரம் பேர். அவர்களுள் நெய்வோர் ஏறத்தாழ 26 லட்சத்து 74 ஆயிரம். பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல் முதலிய துணை வேலை செய்வோர் மற்றையோர். வயது வந்த நெசவாளர்களில் 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் பெண்கள். உங்கள் சங்கத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். தறி யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் தறியும், மனைவி கையில் நெசவும் இருக்குமானால், காப்பீடும் ஓய்வூதியமும் யாருக்குப் போகும்? பதிவேட்டில் 'நெசவாளர்' என்ற கட்டத்தை நிரப்பியவர் தவறு செய்யவில்லை. அந்தக் கட்டத்திற்குப் பொருள் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவே.

ஆதலால் நாம் நிர்வாகக் குழுவினரைக் கேட்கவேண்டியது புதிய யந்திரத்தை அன்று. நூல் இருப்புக்கு இன்னார், துணி வரவுக்கு இன்னார், தறி எண் பட்டியலுக்கு இன்னார், நில அளவுக்கு இன்னார் என்று ஊழியர் பெயர்களை எழுதிச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பதவிப் பெயர் போதாது. ஆளின் பெயர் வேண்டும். பல பால் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றிய அக்கணமே அளவும் கொழுப்புச் சத்தும் அச்சிட்ட சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. ஊற்றியவர் அங்கேயே நின்று சண்டை பிடிக்கலாம். துணி கொடுப்பவருக்கும் அதே ஏற்பாடு ஏன் இருக்கலாகாது? மாதக் கூலி கணக்கிடுமுன் பட்டியலை ஒட்டிவைத்து, மூன்று நாள் தவணை கொடுத்தால், பாதிப் பிழை அங்கேயே தீரும்.

இதனால் கூலி பட்டுவாடா தாமதமாகும் என்று காரியதரிசிகள் சொல்லுவார்கள். தாமதமாகும், மறுக்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்திற்கும் மூன்று பேர் ஒப்புதல் என்று விதி வகுக்கும் பெரிய ஸ்தாபனங்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்தால், தீபாவளிக் கூலி பொங்கலுக்குத்தான் வரும். ஒரு பதிவுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் திருத்தியதை மறுநாள் பார்க்க மற்றொருவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நம் போன்ற சங்கங்களுக்கு ஏற்றது.

பார்ப்பவர் யார் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அங்கத்தினரின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாங்குப் புத்தக நகல் ஆகியவை சங்கத்து மேஜைமேல் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஊழியரின் சொந்தச் செல்பேசியிலும் வாட்ஸ்அப் வழியே உலவுகின்றன. இவற்றை வாங்குவதில் காட்டும் கண்டிப்பில் கால் பங்கையாவது காப்பதில் காட்டலாம். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரத்தைக் கேட்டறியவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், தேவை தீர்ந்ததை அழிக்கச் சொல்லவும் உரிமை வழங்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டங் கட்டமாக நடைமுறைக்கு வருவதாக ஏற்பாடு. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதற்கென்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் இப்போதே எழுதிக் கொடுக்கலாம்.

அந்தப் பெரியவரின் பாவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். 47-ஆம் தறிக்குரிய பாவை 74-ஆம் தறியில் ஏற்றியிருந்தது அவற்றைக் கொண்டு தெரியவந்தது. இரண்டு மாதங் கழித்துக் கூலி கிடைத்தது. 74-ஆம் தறிக்காரருக்கு அதிகமாகப் போன தொகை அவருடைய அடுத்த கூலியில் பிடிக்கப்பட்டது. அவர் காரணம் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னார்களாம்.