மின் கிற்றாரும் மாற்றுப் பிக்கப்பும்

தமிழாசிரியனொருவன் மின் கிற்றாரைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகை விளைக்கலாம். 'யாழ் நூல்' இயற்றிய விபுலானந்த அடிகளார் விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கியவரென்பதை அவர்கட்கு நினைவூட்டி மேற்செல்கின்றேன். நரம்பு எதுவாயினும் அதன் ஓசை எவ்வாறு பிறக்கின்றதென வினவுவது எமக்குப் புறம்பான வேலையன்று.

வாங்கிய கிற்றாரின் ஓசை மனத்துக்கு இசையவில்லையெனில், உடனே அதன் பிக்கப்பைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்த வேறொன்றைப் பொருத்த முனையும் வழக்கம் இன்று இளைஞரிடையே காணப்படுகின்றது. கிற்றாரின் விலையிற் பாதியை அதற்கே செலவிடுவோரும் உளர். அப்பணமோ தந்தையின் உழைப்பு. அன்றேல் கடல் கடந்த தமையன் அனுப்பியது. பிக்கப்பை மாற்றவே கூடாதென்பது என் கருத்தன்று. குறை எங்குள்ளதென ஆராயாது மாற்றுவதும், தெரிவு செய்யுங்கால் ஓர் எண்ணை மட்டும் நம்புவதும், இணைப்பு வேலையைக் கண்கொண்டு பாராமலே பிறர் கையில் விட்டுவிடுவதும் கூடாவென்பதே யான் சொல்ல வந்தது.

பிக்கப் என்பது யாது? காந்தத்தைச் சுற்றித் தலைமயிரையொத்த செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றிய சுருளே அது. உருக்குத் தந்தி அதன்மேல் அதிருங்கால் காந்தப் புலம் மாறுகின்றது. சுருளில் மின் தூண்டப்படுகின்றது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. நைலோன் தந்தி மாட்டினால் இப்பிக்கப் ஊமையாகிவிடும்.

அச்சுருளின் தடையைக் கடைக்காரர் கிலோ ஓமிற் கூறுவர். பென்டர் நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ஸ்ராற்றோகாஸ்ரர் வகையின் ஒற்றைச் சுருள் ஏறத்தாழ 6 கிலோ ஓம் கொண்டது. கிப்சன் நிறுவனத்தாரின் பழைய இரட்டைச் சுருள் ஏறத்தாழ 8. பதின்மூன்றைக் கடந்தனவும் இன்று கிடைக்கும். எண் பெரிதாயின் வலி பெரிதென்பது கடைத்தெரு வேதம். அஃது அரையுண்மையேயாம். அதே தொகையான சுற்றுக்களை இன்னும் மெல்லிய கம்பியாற் சுற்றினாலும் தடை ஏறும். ஓசையின் வலி அதனால் ஏறுவதில்லை. காந்தம் அல்னிக்கோ என்னும் கலப்புலோகமா, செரமிக்கா என்பதையும் அவ்வெண் சொல்லாது. சுற்றுக்கள் மெய்யாகவே கூடின், வலி கூடும். ஆனால் மேலோசையின் தெளிவு மங்கும். வலியும் தெளிவும் ஒருங்கே நிறைய வேண்டுமென்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற கதையாகும். 1972இல் அமெரிக்கரான லாரி டிமார்சியோ வெளியிட்ட 'சுப்பர் டிஸ்ரோஷன்' என்பது விரியலாக்கியை மிகைப்படத் தூண்டிக் கரகரப்பை வருவிப்பதற்கென்றே அமைந்தது. அவ்வகை இசைக்கு அது தக்கதே. மெல்லிசைப் பாடலுக்குத் தெளிந்த ஓசையில் வாசிக்கும் பிள்ளைக்கு அதனால் யாது பயன்?

இரைச்சலே குறையாயின் நிலைமை வேறு. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவது. ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வோடு அவ்வலைவையும் பற்றிக்கொண்டு இரையும். கிப்சன் நிறுவனத்திற் பணிபுரிந்த சேத் லவர் என்பார் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்துக் காந்த முனைகளையும் மாற்றியமைத்தார். புறத்திருந்து வரும் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, தந்தியின் ஓசை மட்டும் கூடி நின்றது. 1955இல் உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. இடைக்காலத்தில் 'உரிமத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பொறித்த சீட்டு அவற்றின் அடியில் ஒட்டப்பட்டது. அச்சொற்களின் முதலெழுத்துக்களாகிய பி. ஏ. எவ். என்பதே இன்று வழிபாட்டுக்குரிய மந்திரமாகிவிட்டது. அக்காலத்துப் பிக்கப்புக்கள் சுற்றுத்தொகையில் ஒன்றையொன்று ஒத்தனவல்லவென்பதை அவ்வடியார்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பணம் செலவிடுமுன் திருப்புளியை எடுத்துப் பிக்கப்பின் உயரத்தைச் சற்றே மாற்றிப் பார்த்தல் வேண்டும். தந்திக்கு மிக அண்மையில் நின்றால், வலிய காந்தம் தந்தியை ஈர்த்துச் சுருதியையே பிறழச் செய்யும்; மிகத் தாழ்ந்தால் ஓசை மெலியும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியிற் காதுதான் நடுவர். புதுத் தந்தி மாட்டிப் பார்த்தலும் நன்று. இவ்வளவில் மனநிறைவுற்றோர் பலரை அறிவேன்.

வாங்கத்தான் வேண்டுமெனின், அளவைப் பார்த்து வாங்குக. பென்டர் வகைக் கிற்றாரிற் பாலத்தண்டைத் தந்திகள் கிப்சன் வகையினும் சில மில்லிமீற்றர் அகன்று நிற்பதால், முனைகள் தந்திக்கு நேர் அமையாது போகலாம். ஓசையளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுந் தடையியையும் நோக்குக. முழுதாகத் திறந்திருக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. மேலோசையிற் சிறிதைப் புவிக்கு ஒழுகவிடுகின்றது. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும் இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். 250இல் இரட்டைச் சுருளை இணைத்துவிட்டு, புதுப் பிக்கப் மந்தமென வைவது அதற்கு இழைக்கும் அநீதி.

இணைக்குங்கால் நிறத்தை நம்பி ஏமாறுவோர் மிகப் பலர். சீமோர் டங்கன் நிறுவனத்தாரின் நான்கு கம்பிப் பிக்கப்பில் ஓசையைக் கொண்டு செல்வது கறுப்பு, வெள்ளையும் சிவப்பும் தம்முள் இணையும், பச்சை புவிக்குரியது. டிமார்சியோவினதில் ஓசைக்குரியது சிவப்பு. கறுப்பும் வெள்ளையும் தம்முள் இணையும். பச்சை ஈண்டும் புவிக்கே. இரு நிறுவனத்துப் பிக்கப்புக்களை ஒரே கிற்றாரிற் பூட்டுவோர், ஊசியுள்ள பன்மானியை ஒவ்வொன்றிலும் ஒரே முறையில் இணைத்துப் பிக்கப்பின் முகத்தை இரும்புத் திருப்புளியால் மெல்லத் தட்டிப் பார்க்க. இரண்டிலும் ஊசி ஒரே பக்கம் முதலில் அசைதல் வேண்டும். மாறி அசையின், இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது மூக்கால் அழுவது போன்ற ஓசையே எஞ்சும்.

ஒரு மாணவனின் கிற்றார் இரைந்தபோது, பிக்கப் பழுதென்று கூறிப் புதியது இரண்டை விற்றனர் ஒரு கடையினர். மாற்றிய பின்னும் இரைச்சல் நின்றபாடில்லை. திறந்து பார்த்தபோது, பாலத்துக்குச் செல்லும் புவிக்கம்பி பற்றாசு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை.

அக்கம்பி வழியே தந்திகளும், அவற்றைத் தொடும் விரல்களும், விரியலாக்கியின் புவித்தொடுப்போடு சேர்கின்றன. ஆதலால் திருவிழா மேடையிற் புவிமுனையை ஒடித்த செருகியைப் பொருத்துவோர் வாசிப்பவனின் உயிரோடு விளையாடுகின்றனர். 1972இல் வேல்சு நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர், புவித்தொடுப்புச் செவ்வையாயில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். கிற்றாரினுள் ஓடும் மின் அற்பமே. அதனை வடத்திலிருந்து கழற்றிவிட்டு மாணவர் அஞ்சாது பற்றாசுக் கோலெடுக்கலாம். விரியலாக்கியை மட்டும் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் உயிர்கொல்லும் மின் தங்கியிருக்கக்கூடும்.

கழற்றிய பழைய பிக்கப்பைத் திருகாணியும் வில்லும் உட்படப் பெட்டியொன்றில் இட்டு, எந்தக் கம்பி எங்கிருந்ததென வேலை தொடங்குமுன் வரைந்த படத்தையும் அதனுடன் வைத்திடுக. கிற்றாரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலிற் கேட்பது அதனையே.