ராண்டம் இல்லாத மொழியும் நம்ம ஓடையும்

எக்ஸ்.எஸ்.எல்.டி.ன்னு பேரைக் கேட்டதும் ஓடத் தயாராகுறவங்க கொஞ்சம் நில்லுங்க. உங்க ஓடையும் இந்தப் பதிவுல வருது. கோடிங் எதுவும் காட்டி பயமுறுத்த மாட்டேன், பயப்படாதீங்க :-)

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பை வாங்கி, வேற எக்ஸ்.எம்.எல்.லாவோ ஹெச்.டி.எம்.எல்.லாவோ மாத்தித் தர்ற மொழி இது. இதுக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு: "என்னய்யா மொழி இது, ஒரு ராண்டம் நம்பர் எடுக்கக்கூட வழியில்லையே?" 1999 நவம்பர்ல வந்த 1.0-லயும் கிடையாது, 2007 ஜனவரில வந்த 2.0-லயும் கிடையாது. இதைப் பெரிய குறைன்னு எழுதறவங்க நிறைய. என்னைக் கேட்டா, இல்லாம இருந்ததுதான் சரி.

இது ஃபங்ஷனல் மொழி. அதே உள்ளீட்டைக் கொடுத்தா அதே விடை வரணும்ங்கறது அடிப்படை. எதை முதல்ல கணக்குப் போடணும், ஒரு தடவை போட்டுட்டு பத்து இடத்துல ஒட்டிக்கலாமான்னு முடிவு பண்றது பிராசசர். கேக்கும்போதெல்லாம் வேற வேற பதில் சொல்ற ஃபங்ஷன் அங்க எப்படிக் குடித்தனம் பண்ணும்? மணி என்னன்னு கேக்கறதுக்கு 2.0-ல ஒரு ஃபங்ஷன் கொடுத்தாங்க. அதுகூட ஓட்டம் ஆரம்பிச்சு முடியற வரைக்கும் ஒரே நேரத்தைத்தான் சொல்லும். ஜாவாவை உள்ள இழுத்து ராண்டம் வாங்குறவங்க, எல்லா வரியிலயும் ஒரே எண் வந்து நிக்குதேன்னு தலையைப் பிச்சிக்கிறது இதனாலதான்.

சரி, ராண்டம் எதுக்குக் கேக்கறாங்க? பாதிக்கு மேல, அவங்களுக்கு வேண்டியது ராண்டமே இல்லை. ஒண்ணுக்கு ஒண்ணு மோதாத அடையாளம் வேணும், அவ்வளவுதான். அதுக்கு 1.0-லயே ஜெனரேட்-ஐடின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒவ்வொரு முனைக்கும் தனி அடையாளம் தரும். அதே முனையைப் பத்து தடவை கேட்டாலும் அதே அடையாளம். ஆனா அதோட வாக்குறுதி அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான். நாளைக்கு அதே கோப்பை ஓட்டினா வேற அடையாளம் வரலாம்னு விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க.

பழைய லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ன பண்ணிச்சு தெரியுமா? முனை மெமரியில எந்த முகவரியில இருக்கோ, அதையே அடையாளமா எழுதிக் கொடுத்துச்சு. மோதல் வராது, வேலை சுலபம், புத்திசாலித்தனம்தான். 2011-ல இது பாதுகாப்பு ஓட்டைன்னு பதிவாச்சு. அந்த லைப்ரரியைப் பயன்படுத்தின குரோம்ல, ஒரு வலைப்பக்கம் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டே மெமரி முகவரிகளைத் தெரிஞ்சுக்க முடிஞ்சது. அடையாளம் கேட்டா வீட்டுச் சாவி இருக்கற இடத்தைச் சொன்ன கதை.

இப்ப நம்ம ஓடைக்கு வருவோம். ஆட்டம் ஓடைக்கான விதி, ஆர்.எஃப்.சி. 4287, 2005 டிசம்பர்ல வந்தது. பதிவோட ஐடி எந்தக் காலத்துலயும் மாறக்கூடாதுங்குது. பதிவை வேற தளத்துக்குக் கொண்டு போனாலும் சரி, மறுபடி வெளியிட்டாலும் சரி, ஐடி அதேதான். இந்த இடத்துல யாராவது ஜெனரேட்-ஐடியையோ ராண்டம் எண்ணையோ போட்டு வெச்சா என்ன ஆகும்? ஓடையைப் புதுசா உருவாக்கற ஒவ்வொரு தடவையும் பழைய பதிவெல்லாம் புதுப் பதிவு மாதிரி வாசகர் முன்னாடி வந்து நிக்கும். மூணு வருஷம் முன்னாடி எழுதின மொக்கைக் கவிதை இன்னிக்கு திரட்டியில முதல் ஆளா நின்னா எப்படி இருக்கும்? எழுதினவரைத்தான் திட்டுவாங்க, டெம்ப்ளேட்டை யாரும் திட்ட மாட்டாங்க.

பிளாகர் பண்ணினது இதுக்கு நேர் எதிர். அதோட ஓடையில ஐடி டேக் வடிவத்துல இருக்கும்: பிளாகர்.காம், 1999, அப்புறம் வலைப்பதிவோட எண், பதிவோட எண். அந்தத் தேதியில அந்தத் தளப்பேர் யார் கையில இருந்ததோ, அவங்க கொடுத்த பேருன்னு அர்த்தம். குலுக்கல் கிடையாது, பேரும் தேதியும் சேர்ந்தே தனித்துவம் வந்துடுது. டாக்புக் ஆளுங்களும் இதே பாடத்தைப் படிச்சவங்கதான். கையேட்டை ஒவ்வொரு தடவை உருவாக்கும்போதும் ஐடி மாறி சுட்டி எல்லாம் உடையாம இருக்க, முனையோட இடத்தை எண்ணி ஐடி போடறதுக்குன்னே ஒரு அமைப்பு வெச்சாங்க. (நடுவுல ஒரு பத்தி சேர்த்தா எண்ணிக்கை நகரும். அதனால ஆசிரியரே ஐடி எழுதிடறது இன்னும் நல்லது.)

நிஜமாவே கலைக்கணும்னு வர்ற வேலையும் உண்டு, ஒத்துக்கறேன். 40 கேள்வியை நாலு செட்டா மாத்தணும்னு வைங்க. அப்பவும் உங்களுக்கு வேண்டியது கண்டபடி ராண்டம் இல்லை. விடைத்தாள் தயாரிக்கும்போது அதே வரிசை திரும்ப வரணுமே! பி செட் மாணவனுக்கு சி செட் விடையை வெச்சுத் திருத்தினா அவன் கதி என்ன? விதை எண்ணை வெளியில இருந்து அளவுருவாக் கொடுங்க. அதை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுங்க, அந்த மீதியை அடுத்த சுற்றுக்கு அனுப்புங்க. 1-ல ஆரம்பிச்சா 16807, 282475249, 1622650073னு போகும். 1988-ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் பரிந்துரைச்ச முறை. 1.0-லயே ஓடும், பெருக்கற எண்ணும் அந்த மொழியோட எண் அளவுக்குள்ள அடங்கிடும்.

2017-ல எக்ஸ்பாத் 3.1 ஒருவழியா ராண்டம் கொடுத்துச்சு. கொடுத்த விதம்தான் எனக்குப் பிடிச்சது. கூப்பிட்டா ஒரு எண்ணும், அடுத்த எண்ணுக்கான ஃபங்ஷனும், வரிசையைக் கலைக்க ஒரு ஃபங்ஷனும் சேர்த்துத் தரும். ஒரே விதையோட ரெண்டு தடவை கூப்பிட்டா ரெண்டு தடவையும் அதே எண்தான்! புதுசு வேணுமா, கையில இருக்கற அந்த "அடுத்தது"-ஐத்தான் பிடிச்சுக்கிட்டுப் போகணும். ஆனா உள்ள எந்தக் கணக்கு ஓடணும்னு விதி கட்டாயப்படுத்தலை. பிராசசர் மாறினா வரிசையும் மாறலாம். ரொம்ப நாள் வெச்சிருக்க வேண்டிய கேள்வித்தாளுக்கு நான் அந்த 16807-ஐத்தான் நம்புவேன்.

பாஸ்வேர்டு, ரகசிய டோக்கன் மாதிரி சமாச்சாரத்தை மட்டும் இதுல எதை வெச்சும் செய்யாதீங்க. மூணு எண்ணைப் பார்த்தவன் நாலாவதைச் சொல்லிடுவான். அதை ஆபரேட்டிங் சிஸ்டம் கிட்ட கேட்டு வாங்கி, உள்ள அனுப்புங்க.

சொந்தமா ஓடை தயாரிக்கறவங்க பதிவோட ஐடிக்கு என்ன போடறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. யூ.ஆர்.எல். தானே போடறேன்கறவங்களோட எனக்கு ஒரு தனிச் சண்டை இருக்கு, அது அடுத்த பதிவுல.