கர்ப்பிணிகளும் புகையிலையும்

கர்ப்பமான பெண்கள் சிகரெட்டை விடுவதற்கு மருந்து கொடுக்கலாமா என்று மேல்நாட்டு வைத்தியர்கள் வெகுகாலமாய் ஆராய்ந்து வருகிறார்கள். "நம் பெண்கள்தான் புகை குடிப்பதில்லையே, நமக்கென்ன?" என்று நம்மில் பலர் பெருமையோடு கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள், மீன் ஏலம் போகும் வேளையில் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கோ, நடவு நேரத்தில் செங்கற்பட்டுப் பக்கத்து வயலுக்கோ போய்ப் பார்க்கட்டும். பெண்கள் பலரின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையும் இருக்கும்.

2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர்; புகையிலையை வாயில் போடுகிறவர்கள் நூற்றுக்கு சுமார் 13 பேர். புகைதான் இல்லையே தவிர, நிக்கோடின் என்னும் விஷம் இரண்டிலும் ஒன்றுதான். மும்பையில் 1217 கர்ப்பிணிகளைக் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புகையிலை போடும் தாய்மாரின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரி 105 கிராம் எடை குறைந்தும், நாள் நிறையாமல் அதிகமாகவும் பிறந்ததாகக் கண்டார்கள்.

"மசக்கைக்கு நல்லது, பாட்டி காலத்திலிருந்து வரும் வழக்கம்" என்பார்கள். புகையிலை அமெரிக்கா கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்திறங்கிய சரக்கு நமக்குப் பழைய ஆசாரமானது எப்படி என்று கேட்கிறோம். பழையதாகவே இருந்தாலும், பழமை எந்த நோய்க்கு மருந்து?

நிற்க, மருந்து விஷயத்துக்கு வருவோம். நிக்கோடினையே சிறிது சிறிதாகத் தோல் வழியே உள்ளே விடும் பட்டையை இங்கிலாந்தில் 1050 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவ சமயத்தில் சிகரெட்டை விட்டிருந்தவர்கள், மருந்துப் பட்டை போட்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குச் சற்று அதிகம்; வெறும் பட்டை போட்டவர்களில் 8 பேருக்குச் சற்றுக் குறைவு. பெரிய வித்தியாசமில்லை. பெரும்பாலோர் பட்டையைத் தொடர்ந்து போடவில்லை என்பதோடு, கர்ப்பிணியின் உடம்பு நிக்கோடினைச் சீக்கிரமே கரைத்துவிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. புப்ரோபியான், வரெனிக்லின் என்னும் மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் சிபாரிசு செய்யவில்லை. ஆகவே கடையில் எதையாவது வாங்கித் தின்று பார்க்கலாம் என்று யாரும் துணியவேண்டாம். வைத்தியரைக் கேளாமல் ஒன்றும் கூடாது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. கர்ப்பிணி பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் புகையிலையைப்பற்றி விசாரித்து, விடுவதற்குப் பேச்சாலும் துணையாலும் உதவவேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் முடிவு. கிளாஸ்கோ நகரில் 612 கர்ப்பிணிகளில் ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான உதவியோடு, விட்டால் 400 பவுன் வரை பரிசுச் சீட்டும் கொடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவில், பரிசு பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மேலும், மற்றவர்களில் 9 பேருக்குக் குறைவாகவும் விட்டிருந்தார்கள். பெண்ணுக்குப் புத்தியில்லை என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். அவளுக்கில்லாதது புத்தியல்ல, ஆதரவுதான்.

நம் நாட்டிலோ புருஷன் பீடி குடித்தால் ஆண்மை. மனைவி புகையிலை போட்டால் கேவலம். அதனால் அவள் ஒளிக்கிறாள். நர்சு கேட்டாலும் "இல்லை" என்கிறாள். பசியை அடக்கவே புகையிலையை அடக்கிக்கொள்ளும் கூலிப்பெண்ணுக்குச் சோறு போடாமல் உபதேசம் மட்டும் செய்வது யோக்கியமாகுமா? அவன் விடும் புகையும் வயிற்றுப் பிள்ளையின் எடையைக் குறைக்கும் என்பதை அவனிடம் யார் சொல்வது?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியைத் தனியாக வைத்து, அதட்டாமல், மாதந்தோறும் கேட்கவேண்டும். 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை இருப்பதை வீடுதோறும் சொல்லவேண்டும். இவ்வளவுக்கும் முன்னால், பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவர்கள் தங்கள் பீடிக்கட்டை இன்றே தூக்கி எறியவேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்களுக்கு, மனைவியின் சுருக்குப்பையைச் சோதிக்க என்ன அதிகாரம் இருக்கிறது?