பத்து வயதில் ஒரு பரீட்சை

லண்டனில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளே, உங்கள் பெண்ணுக்குப் பத்து வயது நெருங்குகிறதா? அப்படியானால் ஹென்ரியட்டா பார்னெட் பள்ளிக்கூடத்தின் பெயர் காதில் விழாமல் இராது. கோல்டர்ஸ் கிரீன் பக்கத்தில் இருக்கிறது. கட்டடம், நம் ராஷ்டிரபதி பவனைக் கட்டிய லட்யன்ஸ் துரையின் கைவண்ணம்! கிழக்கு லண்டன் ஏழைகளிடையே கணவரோடு வெகுகாலம் தொண்டு செய்த ஹென்ரியட்டா அம்மாள், ஏழையும் பணக்காரரும் அருகருகே வாழட்டும் என்று 1907-ல் அந்தப் பேட்டையை உண்டாக்கினார். 1911-ல் பெண்களுக்கு இந்தப் பள்ளியையும் ஏற்படுத்தினார்.

சம்பளம் காலணா கிடையாது. சர்க்கார் பணத்தில் நடப்பது. ஆனால் உள்ளே நுழைய வேண்டுமே! பதினோராம் வயதில் சேர, முந்தின வருஷம் செப்டம்பரிலேயே முதல் சுற்றுப் பரீட்சை. தேறினால் இன்னொரு சுற்று. சம்பளம் இல்லை என்று மகிழ்ந்த தகப்பனார், மிச்சத்தை டியூஷன் வாத்தியாரிடம் கொட்டிவிடுகிறார். குழந்தையின் விளையாட்டு நேரமும் அதோடு போய்விடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்று செய்யுங்கள். அக்டோபர் 31-க்குள் கவுன்சிலுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். மற்ற ஐந்தை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். மார்ச் 1-ந் தேதி எந்தப் பள்ளியின் பெயர் வந்தாலும், "அங்கே பெரிய மரம் இருக்குமே, அம்மா!" என்று அவள் சொல்ல வேண்டும்.