எத்தனை இன்ச், எத்தனை ஸ்டார்... அப்புறம்?

புது டிவி வாங்கப் போகிறவர் கடையில் எல்லாம் விசாரிப்பார். எத்தனை இன்ச், 4கே உண்டா, பழசுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்... செய்தவனுக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சாம்சங் ஆலையில் டிவியும் தயாராகிறது. 2024 செப்டம்பர் 9 அன்று அங்கே ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நடந்தது. சம்பள உயர்வோடு அவர்கள் கேட்டது, சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல்லே வரக்கூடாது என்று ஆட்சேபித்தது நிர்வாகம். பெட்டி பெட்டியாக அந்தப் பெயரை ஒட்டி அனுப்புகிறவன், தன் சங்கத்துக்கு வைத்தால் குற்றமா? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே வந்த நாட்டில்!

"எல்லா கம்பெனியும் இப்படித்தான், எதை வாங்கினால் என்ன?" என்று சிலர் நழுவுவார்கள். அப்படியானால் எல்லா கம்பெனியையும்தான் கேட்க வேண்டும். கேள்வியையே விட்டுவிடுவது என்ன நியாயம்? வாங்குகிறவர் கேட்காத எதையும் விற்கிறவர் சொல்லப் போவதில்லை.

மின்சாரம் மிச்சம் பிடித்தால் டிவிக்கு ஸ்டார் ஒட்டுகிறார்கள். தொழிலாளியை மதித்தால்தான் ஸ்டார் என்று வைத்தால், எத்தனை பெட்டி ஸ்டார் இல்லாமல் நிற்குமோ!