அடிப்பதற்கு முன்

மகனுக்கு மூன்று வயது. அவன் கை படாத சாமான் வீட்டில் இல்லை. அத்தகைய குழப்படிக்காரன் ஒரு மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். இரவில் பாயை நனைத்தான். வேண்டுமென்றே செய்கிறான் என எண்ணி ஒருநாள் அடித்தும் விட்டேன். மெலிந்து சோர்ந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், "சீனி வியாதி" என்றார்.

இது இனிப்புத் தின்று வருவதல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. குளிசை போதாது, நாள்தோறும் ஊசி வேண்டும். 1922இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரை இத்தகைய பிள்ளைகள் பிழைப்பதே அரிது.

இரத்தத்தில் சீனி 70க்குக் குறைந்தால் நடுக்கம், வியர்வை, காரணமில்லாத அழுகை, முரண்டு எல்லாம் வரும். ஆகவே குழப்படி கூடினால் முதலில் சீனியைப் பார்க்கிறேன். குறைந்திருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கிறேன். சரியாக இருந்தால் அது வெறும் குழப்படிதான். நோயாளிப் பிள்ளை என்று விடாமல் கண்டிக்கிறேன்.

ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். ஓதினோம், துஆக் கேட்டோம், ஊசியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நோய்க்கு மருந்து செய்யும்படி நபி (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு, சோர்வு கண்டால் பிள்ளையை ஏசாதீர்கள். அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். நான் அடித்ததை மகன் மறந்துவிட்டான். எனக்குத்தான் மறக்க முடியவில்லை.