மணப்பந்தலும் காதற் கதையும்

"என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஓயாமல் காதற் கதைகளையே வாசிக்கிறாள். எந்தக் கதையை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு கலியாணம் இருக்கிறது. இது ஏன், சுவாமி?" என்று கூரத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கவலையோடு எழுதப்பட்ட கடிதம். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தைக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றே பலரும் அறிவர். அவ்வூர்ப் பெயரால் வழங்கும் பல்லவர் செப்பேடு ஒன்றும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்தது. அவ்வூர் மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருவதற்கும், அங்கே பாரதம் வாசிப்பதற்கும் தானத்தில் பங்கு ஒதுக்கப்பட்டதை அது கூறுகிறது. கதை கேட்பதற்கு அரசனே மானியம் தந்த ஊர் அது! பாரதத்திலோ கலியாணங்களுக்குக் குறைவே இல்லை.

அவற்றுள் நளன் கதையை எடுத்துக்கொள்வோம். சுயம்வர மண்டபத்தில் தமயந்தியின் முன் ஐந்து நளர்கள் நிற்கின்றனர். நால்வர் அவன் உருவில் வந்த தேவர்கள். தேவர்களின் கண் இமைப்பதில்லை, கால் தரையில் படுவதில்லை, மாலை வாடுவதில்லை. வியர்வை அரும்ப, வாடிய மாலையோடு, மண்ணில் கால் ஊன்றி நிற்பவனையே அவள் தேர்ந்து மாலையிடுகிறாள். கதாசிரியரைக் கலியாண வீடு ஏன் இழுக்கிறது என்பதற்கு விடை இங்கேயே உள்ளது. வேறிடங்களில் அன்பை ஒளித்து வைக்கலாம், நாள் கடத்தலாம், இல்லை என்று மறுக்கவும் செய்யலாம். பந்தலில் அது இயலாது. ஊர் கூடிவிட்டது, நேரம் குறித்தாயிற்று, ஒருவரைத் தேர்ந்தால் மற்றவரை விட்டே ஆகவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு; இது சற்று எளியது. இளைஞரும் கன்னியரும் பேசிக்கொள்ள வழியில்லாத நம் ஊர்களில், ஒருவரையொருவர் காண்பதற்குக் கலியாண வீடு ஒன்றே இடமாய் இருந்தது. பெரியவர்கள் மொய்க்கும் பந்திக்குமாக அலையும் நேரத்தில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவளை ஒருவன் நிமிர்ந்து பார்க்கிறான். கதைக்கு அது போதும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மணிரத்தினத்தின் 'அலைபாயுதே' படத்திலும் நாயகன் நாயகியை முதலில் காண்பது ஒரு நண்பனின் திருமணத்தில்தான்.

இவ்வளவில் அந்தப் பெண்ணின் வாசிப்பைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பந்தலோடு முடிந்துவிடும் கதைகள்மீது நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் முன்னோர் அப்படி முடிக்கவில்லை. புகழேந்தியின் நளவெண்பாவில் மூன்று காண்டங்கள் உள்ளன. சுயம்வரம் முதற் காண்டம் மட்டுமே. சூதும் காடும் பிரிவும், பிறகு சேர்க்கையும் மீதி இரண்டில் வருகின்றன.

அகநானூற்றின் 86ஆம் பாட்டு இதனினும் வியப்பானது. நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்து பெய்த களி விருந்து, புதுமணல் பரப்பிய பந்தல், ஏற்றிய விளக்கு, விடியற்காலை நல்லவேளை. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். அன்றிரவு புத்தாடைக்குள் முகம் புதைத்து ஒடுங்கியிருந்தவளிடம், உன் மனத்தில் என்ன நினைத்தாய் என்று அவன் கேட்கிறான். இவ்வளவையும் கணவன் சொல்லுவது எப்போது? மனைவி ஊடிப் பிணங்கியிருக்க, தோழி அவனை வீட்டுக்குள் விட மறுத்து நிற்கும்போது! கலியாணத்தைக் கதையின் முடிவில் வையாமல், சண்டையின் நடுவே நினைவுகூரும் நாளாக வைத்தார் புலவர். நம்மிடம் வழக்கோடு வரும் தம்பதியரும் அந்த நாளைத்தான் எடுக்கின்றனர். ஆனால் சிலர், அன்று தம் அண்ணனுக்கு மரியாதை செய்யவில்லை என்று சொல்வதற்காக எடுக்கின்றனர். அது வேறு கதை.

கதைகள் விட்டுவிடும் மற்றொன்று செலவு. கூரத்தின் அண்டையிலேயே நெய்யப்படும் பட்டு எத்தனை கலியாணக் கதைகளில் மின்னுகிறது! அதை நெய்பவனின் மகள் எதை உடுத்தி மணப்பாள் என்று கேட்டது பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' படம். மகளைப் பட்டுடுத்தி அனுப்புவேன் என்று வாக்களித்த நெசவாளி, இழை இழையாகப் பட்டு நூலை வாயில் ஒளித்துத் திருடுகிறான். பார்த்தவர் எளிதில் மறவார்.

அருளப்பர் நற்செய்தியின் கானாவூர்த் திருமணத்திலும் குறைவுபட்டது இரசம்; வீட்டாருக்கு நேரவிருந்தது அவமானம். அங்கே மணமகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

ஐரோப்பியக் கதைகளில் நாம் பெரிதும் விரும்பிப் படித்தது இத்தாலியரான மன்சோனி 1827இல் வெளியிட்ட 'மணம் பேசப்பட்டோர்'. ரென்சோவுக்கும் லூசியாவுக்கும் திருமணம் நடத்தக் கூடாதென்று ஒரு பிரபுவின் அடியாட்கள் பங்குக் குருவை மிரட்டுகின்றனர். அவர் நடுங்கிப்போய்ச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறார். (நம் இனத்தவர் இப்படி ஏளனத்துக்கு உள்ளாவதைப் படிப்பது இன்பமாக இல்லை, தேவைதான்.) திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்த்திய மறைக்கல்வி உரையில், மணம் பேசப்பட்டோர் இந்நூலைப் படிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தார்.

காதற் கதைகளில் பெண்ணுக்கு விருப்பமில்லாத மணம் நடக்க இருந்தால், தாலி ஏறுமுன் யாரோ ஒருவன் ஓடிவந்து தடுப்பான். உண்மையில் ஒருவரும் ஓடிவருவதில்லை. மௌனம் சம்மதம் என்று நாம் பழமொழி வேறு சொல்லிக்கொள்கிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்கு அப்பழமொழி உடன்பாடில்லை. மணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. அதற்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க இயலாது. வன்முறைக்கோ கடும் அச்சத்துக்கோ உட்பட்டுத் தந்த சம்மதம் செல்லாது. கூரத்துத் தாயே, தங்கள் மகள் கதைக்குக் கதை தேடிப் படிப்பது, ஒரு பெண்ணின் விருப்பம் வாய்விட்டுக் கேட்கப்படும் அந்தக் கணத்தைத்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது.

கோயிலில் ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்களைத் தனித்தனியே விசாரிக்கிறோம். பெண்ணின் தந்தையோ தாய்மாமனோ, "அவளுக்குப் பேச வராது, சுவாமி, நாங்களே சொல்லிவிடுகிறோம்" என்று உடன் நிற்பதுண்டு. அவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கேட்கிறோம். சிலசமயம் பதில் வர வெகுநேரம் ஆகிறது. காத்திருக்கிறோம்.